விரலுக்கு எழுதும் படம்

யானை பார்த்த குருடர்களின் கதை நமக்கெல்லாம் சிறுவயதிலேயே பழக்கமானது. பௌத்தர்களின் உதானத்தில் அது இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் எடுத்தாள்கிறார். பாரசீகத்தில் ஸனாயீ பாடியிருக்கிறார். காலைத் தொட்டவன் தூண் என்றான், காதைத் தொட்டவன் சுளகு என்றான், பிறகு ஆளுக்காள் சண்டை. கதை நல்ல கதைதான். ஆனால் விமர்சனக் கண்ணோடு படித்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். அந்தக் குருடர்கள் உண்மையான குருடர்கள் அல்லர். ஒரேயோர் இடத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கம் கண்பார்வையற்ற எவருக்கும் கிடையாது. அவர் கை நகரும், திரும்பி வரும், மற்றக் கையையும் துணைக்கு அழைக்கும், பொருளைச் சுற்றி நடக்கும். ஒரு தொடுகையோடு நிறுத்திக்கொள்பவர் கண்ணை மூடிக்கொண்டு குருடராக நடிக்கும் கண்ணுள்ளவர் மட்டுமே.

மௌலானா ரூமிக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மஸ்னவியின் மூன்றாம் பாகத்தில் அவர் குருடர்களை எடுத்துவிட்டார். யானை ஓர் இருட்டறையில் நிற்கிறது. தடவிப் பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணுள்ளவர்கள். பெரிய திருத்தம் அது. என்றாலும் அவரிடமும் உள்ளங்கை குறைபட்ட அறிவின் குறியீடாகத்தான் நிற்கிறது. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கிடைத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்கிறார். மெழுகுவர்த்தியால் பயனில்லாத வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பதை இலக்கியம் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த வாசகருக்கான படங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். தொட்டு வாசிப்பதற்காகக் கோடுகளையும் பரப்புகளையும் தாளிலிருந்து மேலெழச் செய்யும் படங்கள் அவை. தொடுபடம் என்று சொல்லிக்கொள்வோம். இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கண் ஒரு படத்தை ஒரே வீச்சில் முழுதாக எடுத்துக்கொள்கிறது. பிறகுதான் பகுதிகளுக்குப் போகிறது. விரலுக்கு அந்த வசதி இல்லை. அது ஓர் இடத்தில் தொடங்கி, ஒரு கோட்டைப் பிடித்து, அடுத்ததற்குப் போய், முன்னர் தொட்டதை நினைவில் வைத்து, கடைசியில்தான் முழுமையைக் கட்டுகிறது. வசனம் வாசிக்கும் முறையும் இதுதான். ஆகவே தொடுபடம் பார்வைக்கு ஓவியம்போலத் தோன்றினாலும் இயல்பால் அது பிரதி. தொடக்கம், நடு, முடிவு உள்ள பிரதி. அதில் எதைச் சொல்வது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்ற கேள்விகள் ஒரு சிறுகதைக்காரனின் கேள்விகள்தாம். ஓவிய ஆசிரியர்களிடம் மட்டும் இதை விட்டுவிடக் கூடாது என்று நான் கருதுவதும் அதனாலேயே.

நம்முடைய வரலாற்றிலேயே இதற்கு ஓர் அழகான முன்னோடி உண்டு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்-ஆமிதி கண்பார்வையற்ற அறிஞர், புத்தக வியாபாரியுங்கூட. அவரைப் பற்றி 1363இல் மறைந்த அஸ்ஸஃபதீ, பார்வையற்ற பெருமக்களின் வரலாறாகத் தொகுத்த ‘நக்துல் ஹிம்யான்’ என்னும் நூலில் எழுதியிருக்கிறார். ஆமிதி ஒரு புத்தகத்தை வாங்கியதும் சிறு தாள்துண்டை முறுக்கித் திரியாக்கி, விலையைக் குறிக்கும் எழுத்தாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவாராம். விலை மறந்துபோனால் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார். எழுத்துகளுக்கு எண்மதிப்பு இருந்ததால் விலைக்கு ஓரிரு எழுத்துகளே போதுமாக இருந்தன. ஐரோப்பாவில் இந்த முயற்சிகள் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு வருடங்கள் முந்தியது இது. முந்தியது என்பதைக் காட்டிலும் அவர் எவ்வளவு குறைவாகச் செய்தார் என்பதுதான் என்னைக் கவர்கிறது. புத்தகத்தின் பெயரையோ ஆசிரியரையோ அவர் எழுதவில்லை. தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல். அதை மட்டும் விரலுக்குக் கொடுத்தார்.

பின்னால் வந்தவர்கள் இந்தச் சிக்கனத்தைக் கைவிட்டார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறவர்கள் 1757இல் திறக்கப்பட்ட வூல்பெண்டால் தேவாலயத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பார்கள். எழுத்துகளும் குலச்சின்னங்களும் கல்லிலிருந்து புடைத்து நிற்கும். தொட்டால் தெரியும், ஆனால் தொடுவதற்காகச் செய்யப்பட்டவையல்ல. ஒளியும் நிழலும் பட்டுக் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டவை. பாரிஸில் 1780களில் வலந்தீன் ஹவுயி பார்வையற்ற சிறுவர்களுக்காக அச்சிட்ட புத்தகங்கள் ஏறக்குறைய இந்தக் கற்களின் தாள் வடிவந்தான். கண்ணுள்ளவர்கள் படிக்கும் அதே இலத்தீன் எழுத்துகள், கொஞ்சம் புடைத்து. பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தேடித்தேடித் தடவ வேண்டியிருந்தது. அந்தப் பாடசாலையிலேயே படித்த லூயி பிரெயில், 1824இல், பதினைந்து வயதில், எழுத்தின் உருவத்தை அடியோடு தூக்கியெறிந்தார். ஆறு புள்ளிகள், அவ்வளவுதான். ஒரு கட்டம் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர், உயரம் அரை மில்லிமீற்றர். கண்ணுக்கு அதில் எழுத்தென்று எதுவும் தெரியாது. கண்ணுள்ள ஆசிரியர்கள் எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் 1852இல் மறைந்தார். பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854இல்.

தமிழுக்கு 1951இல் இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெயில் முறை வந்தது. அதில் அகரம் ஒற்றைப் புள்ளி. அரபுத் தமிழை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றக் கூடாது. வாசகருக்கு எந்த எழுத்துப் பழக்கமோ அந்த எழுத்தில் தமிழைக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். மொழி அப்படியே இருந்தது, எழுத்து இடம் மாறியது.

நான் சொல்ல வருவது இதுதான்: எழுத்துக்கு ஒரு லூயி பிரெயில் கிடைத்தார். படத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. தொடுபடங்களில் மிகப்பல இன்றைக்கும் ஹவுயியின் காலத்திலேயே நிற்கின்றன. கண்ணுக்கு வரைந்த படத்தின் கோட்டைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, விரலுக்குக் கொடுத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

உதாரணம் சொல்கிறேன். விடுமுறைக்குக் கொழும்புக்கு வந்தால் கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் தங்குவது வழக்கம். அயல்வீட்டில் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருவர் இருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லை. தமிழ்ப் பிரெயிலும் சிங்களப் பிரெயிலும் நான் அச்செழுத்து வாசிப்பதைவிட வேகமாக வாசிப்பார். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்ரிக் தாள் ஒன்று அவரிடம் இருந்தது. பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி அச்சின்மேல் படியவைத்து எடுக்கும் வகை. யானைப் படம், பக்கவாட்டுத் தோற்றம், கோடு சுத்தமாக இருந்தது. கண்ணுக்கு லட்சணமான யானை.

அவர் இரண்டு கைகளாலும் தடவினார். இடது கை ஓரிடத்தில் நங்கூரம் போட்டதுபோல நின்றது, வலது கை சுற்றி வந்தது.

“தும்பிக்க சரி சேர். மத்தக் காது எங்க?”

“அது அந்தப் பக்கம் மகள். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது.”

“எந்தப் பக்கம்? இதத் தொடக்க நான் எங்க நிக்கிற சேர்?”

இந்தக் கேள்வியைவிடக் கூர்மையான ஓவிய விமர்சனத்தை நான் படித்ததில்லை. பக்கவாட்டுப் படம் என்பது ஒரு மனிதர் ஓரிடத்தில் அசையாமல் நின்றுகொண்டு பார்க்கிறார் என்ற உடன்படிக்கையின் மேல் கட்டப்பட்டது. அவருக்கு யானையின் ஒரு கண், ஒரு காது, ஒன்றையொன்று மறைக்கும் கால்கள் தெரிகின்றன. கை அப்படி ஓரிடத்தில் நிற்பதேயில்லை. அந்தப் பிள்ளை குர்பான் ஆட்டைத் தடவிப் பார்த்திருக்கிறார். அதற்கு இரண்டு காது, நாலு கால், ஒன்றும் எதன் பின்னாலும் ஒளிந்திருக்கவில்லை. மறைதல் என்பது கண்ணுலகின் விவகாரம். அதை எந்த விளக்கமும் இல்லாமல் பிளாஸ்ரிக்கில் புடைக்கவைத்துக் கொடுத்தால் வாசகருக்குக் கிடைப்பது யானையல்ல, புதிர்.

இத்துறையில் வேலை செய்கிறவர்கள் வகுத்துள்ள விதிகள் பெரும்பாலும் இந்த மறைதலுக்கும் நெரிசலுக்கும் எதிரானவைதாம். ஒன்றன்மேல் ஒன்று வராமல் பிரித்து வை. இரண்டு கோடுகளுக்கிடையே குறைந்தது 3 மில்லிமீற்றர் இடைவெளி விடு, இல்லாவிட்டால் விரல் இரண்டையும் ஒன்றென்று எண்ணும். ஒரு படத்தில் நாலைந்து வகைச் சொரசொரப்புக்கு மேல் போடாதே. இரண்டு கைகளின் அகலத்துக்குள் படம் அடங்கட்டும். அலங்காரத்தை நீக்கு. படத்துக்கு முன்னால் அது என்னவென்று பிரெயிலில் சொல்லிவிடு. யாப்பு விதிகள்போல இவையும் கவிஞனை உருவாக்கமாட்டா. ஆனால் இவை தெரியாமல் செய்யப்பட்டது தொட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, தேசப்படம் எப்போதும் வெற்றி பெறுகிறது. பொஸ்டனில் சாமுவேல் ஹோ 1837இலேயே அமெரிக்காவின் தேசப்படத் தொகுதி ஒன்றைப் பார்வையற்றோருக்காகப் புடைப்பு அச்சில் வெளியிட்டார். ஏன் யானை தோற்கும் இடத்தில் தேசப்படம் வெல்கிறது? இலங்கையை மேலிருந்து கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? மாங்காய் வடிவம் என்று நாமும் சொல்லிக்கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். தேசப்படம் யாருடைய கண்ணுக்கும் இயல்பாகத் தெரியும் காட்சி அல்ல. அது எல்லோரும் சமமாகக் கற்கவேண்டிய ஓர் உடன்பாடு. அங்கே கண்ணுக்கு முன்னுரிமை இல்லை. அத்தோடு அதில் ஒரு பயணம் இருக்கிறது. விரல் கொழும்பில் புறப்பட்டுக் காலி, அம்பாந்தோட்டை வழியாக வளைந்து, கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று ஏறி, யாழ்ப்பாணத்தைச் சுற்றி மன்னார், புத்தளம் தொட்டு வீடு திரும்புகிறது. கதை சொல்லும் படம் அது.

நிறம் இன்னொரு சிக்கல். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908-1909இல் கட்டப்பட்ட ஜாமிஉல் அல்ஃபார், நாம் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல்வது, சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளால்தான் புகழ் பெற்றது. தொடுபடத்தில் அதன் மினாராக்களின் கோட்டை மட்டும் உயர்த்தினால் அது ஏதோ ஒரு பள்ளியாகிவிடும். சிவப்புக்குச் சொரசொரப்பு, வெள்ளைக்கு வழுவழுப்பு என்று மாறிமாறி வைத்தால் நிறம் போய்விடும், ஆனால் தாளலயம் நிற்கும். மொழிபெயர்ப்பில் எதுகையைக் காப்பாற்ற முடியாதபோது சந்தத்தையாவது காப்பாற்றுகிறோமே, அதுபோல.

‘நிறங்களின் கறுப்புப் புத்தகம்’ என்று பொருள்படும் ஸ்பானிய நூல் ஒன்று 2006இல் மெக்சிக்கோவில் வெளிவந்தது. வெனிசுவேலாவைச் சேர்ந்த மெனேனா கோட்டின் எழுதியது, ரொசானா ஃபாரியா படம் வரைந்தது. உலகம் முழுவதும் பாராட்டுப் பெற்றது. பல மொழிகளுக்குப் போனது. வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் வீட்டில் அதன் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தேன். எல்லாப் பக்கங்களும் கறுப்பு. பார்வையற்ற ஒரு சிறுவன் நிறங்களைச் சுவையாலும் ஒலியாலும் தொடுகையாலும் விவரிக்கிறான். எதிர்ப்பக்கத்தில் இறகு, இலை, பழம் என்று கறுப்பின் மேல் கறுப்பாகப் பளபளக்கும் புடைப்புக் கோடுகள். எழுத்து நன்று. கருத்தும் நன்று. ஆனால் அதன் உண்மையான வாசகர் யார்? கோடுகள் மெல்லியவை, தாழ்ந்தவை, நெருக்கமானவை. சாய்த்துப் பிடித்து ஒளியில் பார்த்தால் அற்புதமாக இருக்கும் என்பதே அதன் குறையைச் சொல்லிவிடுகிறது. பார்வையின்மையைப் பற்றிக் கண்ணுள்ளவர்களுக்கு எழுதப்பட்ட புத்தகம் அது. அப்படியொரு புத்தகம் இருப்பதில் தவறில்லை. அதைப் பார்வையற்ற பிள்ளையின் புத்தகம் என்று பரிசளிப்பதில்தான் தவறு.

அதற்கு எதிர்த்துருவத்தில், பிரான்சின் டிஜோன் நகரப் பக்கம் 1994இல் ஃபிலிப் குளோதே தொடங்கிய பதிப்பகம் நிற்கிறது. ‘கனவு காணும் விரல்கள்’ என்று அதன் பெயருக்கு அர்த்தம். சுவிற்சர்லாந்து ஓவியர் வர்யா லவாற்றர் 1965இல் ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’ கதையை உருவங்களே இல்லாமல் வரைந்திருந்தார். சிறுமி ஒரு சிவப்புப் புள்ளி, ஓநாய் ஒரு கறுப்புப் புள்ளி, காடு பச்சைப் புள்ளிகளின் கூட்டம். அது கண்ணுக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் டிஜோன்காரர்கள் அந்த வழியைப் பற்றிக்கொண்டு விரலுக்கான நூலாக்கினார்கள். நிறத்தின் இடத்தைத் துணி பிடித்தது. சிறுமி ஒருவகைத் துணியாலான வட்டம், ஓநாய் இன்னொருவகை. சிறுமிக்கு மூக்கும் முழியும் எதற்கு? கதையில் அவளுக்கு நடப்பதுதானே முக்கியம். விரல் காட்டுக்குள் அவளைத் தேடிக்கொண்டு போகும்போது பக்கத்தில் அந்த மற்றத் துணி தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்! இதை வாசிக்கும் பிள்ளை அச்சத்தைக் கையாலேயே உணர்கிறது. பிரெயில் எழுத்துக்குச் செய்ததைப் படத்துக்குச் செய்யும் பாதையில் இதுதான் அதிக தூரம் போயிருக்கிறது என்பது என் கணிப்பு.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை மறைத்துவிட்டுப் போவது நியாயமில்லை. கனடாவின் ரொறொன்ரோவில் ஜோன் கென்னடி என்ற உளவியலாளர் பல வருட ஆய்வுகளை 1993இல் நூலாக்கினார். பிறவியிலேயே பார்வையற்றவர்களும் கோட்டுப்படத்தை விளங்கிக்கொள்கிறார்கள், தாங்களாகவே வரையவும் செய்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஒரு பொருளின் விளிம்பு கண்ணுக்கு மட்டும் சொந்தமானதல்ல, கைக்கும் தெரியும் என்றார். 1953இல் இஸ்தான்புல்லில் பிறந்த எஷ்ரெஃப் அர்மகான் என்ற துருக்கிய ஓவியர் பிறவியிலேயே பார்வையற்றவர், பாடசாலைக் கல்வியும் இல்லாதவர். விரல்களால் வண்ணம் தீட்டுவார். கென்னடி அவரைச் சோதித்தார். தூரத்தில் உள்ளது சிறுத்துத் தெரியும் என்ற விதியைக்கூட அவர் படத்தில் கையாண்டார்.

அப்படியானால் யானையிடம் ‘நான் எங்கே நிற்கிறேன்’ என்று கேட்ட பிள்ளை? முரண்பாடு இல்லை. அர்மகான் சிறுவயது முதல் கோடு கீறி, தடவி, பிறரிடம் கேட்டுக்கேட்டுக் கற்றவர். கற்றலின் பங்கு என்னவென்று டில்லியில் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டம் வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. தொட்டறிந்த உருவத்தை, பார்வை கிடைத்த கணத்தில் கண்ணால் அடையாளம் காண முடியுமா என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலினூ என்ற அயர்லாந்துக்காரர் தத்துவஞானி லொக்கிடம் கேட்டார். பிறவிப் பார்வைக்குறைக்குச் சிகிச்சை பெற்ற ஐந்து பிள்ளைகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட விடை: உடனே முடியவில்லை, சில நாட்களில் முடிந்தது. கைக்கும் கண்ணுக்கும் இடையே பாலம் பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. அப்படியானால் விரலுக்கும் படத்துக்கும் இடையிலும் அரிச்சுவடி வேண்டும். ஐந்து வயதில் வட்டம், கோடு, வளைவு என்று தொடங்கியிருக்க வேண்டியதைச் செய்யாமல், பத்தாம் தரத்தில் திடீரென்று ஒரு வரைபைக் கையில் திணித்துவிட்டு ‘இவர்களுக்குப் படம் விளங்காது’ என்று முடிவுகட்டுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல.

நம்மவர்களுக்கு மிக நெருக்கமான ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பிறை. ரமழான் தொடங்குவதும் பெருநாள் வருவதும் அதைக் கொண்டே. கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக வானொலியருகே காத்திருக்கும் இரவுகளில் பார்வையற்றவரும் நம்மோடு காத்திருக்கிறார். யானையை என்றைக்காவது ஒருநாள் அவர் தொட்டுவிடலாம். பிறையைத் தொடவே முடியாது. அவருக்குப் பிறை என்பது படம் மட்டுந்தான். ஆகவே படம் பொய் சொல்லக் கூடாது. நம் பெருநாள் வாழ்த்து அட்டைகளில் உள்ள பிறையைக் கோடு உயர்த்திக் கொடுத்தால் என்ன தெரியும்? கத்தாள் மாதிரி வளைந்த, இரு கூர்முனைகள் உள்ள ஒரு பொருள். அந்த அயல்வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் எண்ணியிருந்தார். “பதினாலாம் நாளாகக்க மத்தப் பகுதி எங்கீந்து வாற?” என்று கேட்டார். கண்ணுள்ள என் ஆறாம் தரத்துப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள், கேட்காமல் விடுகிறார்கள் அவ்வளவே. கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரத்தை வரைந்தவரும் அதே ரகந்தான். அந்த இடத்தில் சந்திரனின் இருண்ட பகுதி இருக்கிறது. நட்சத்திரம் அதற்கு முன்னால் வந்து நிற்க முடியாது.

விரலுக்கான பிறையில் முழு வட்டமும் இருக்க வேண்டும். தாளிலிருந்து சற்றே எழுந்த வழுவழுப்பான வட்டத்தட்டு. அதன் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் சொரசொரப்பாக, அதுதான் ஒளி. அடுத்தடுத்த தட்டுகளில் அந்தச் சொரசொரப்பு அகன்று அகன்று பதினாலாம் நாள் முழுவதும் பரவட்டும். சந்திரன் எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவுமில்லை என்பது விளக்கவுரை இல்லாமலே விளங்கிவிடும். இன்னொன்று. துருக்கிக் கொடியில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் நாட்டு அந்தி வானில் தலைப்பிறை பெரும்பாலும் ஓடம்போல மல்லாந்து கிடக்கும். காலிமுகத்திடலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுத் தாளை அப்படியே வாங்கிக் கொடுத்தால் வேறொரு நாட்டு வானத்தைத்தான் கொடுக்கிறோம்.

நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் தொடுபடம் ஒன்று இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட நாணயத்தாள் வரிசையில் பார்வையற்றோருக்காக மேலெழுந்த புள்ளிகள் இருக்கின்றன. மதிப்புக் கூடக்கூடப் புள்ளிகளும் கூடும். தாளின் நீளமும் மதிப்புக்கேற்ப மாறும். இந்தியாவில் மகாத்மா காந்தி வரிசைத் தாள்களில் 20க்கு நிமிர்ந்த செவ்வகம், 50க்குச் சதுரம், 100க்கு முக்கோணம், 500க்கு வட்டம் என்று வைத்தார்கள். எண்ணிக்கை நல்லதா, உருவம் நல்லதா என்றால் நான் எண்ணிக்கையின் பக்கம். முக்கோணம் நூறு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். புள்ளி கூடினால் பணம் கூடும் என்பதைச் செய்ய வேண்டியதில்லை. ஆமிதியின் தாள்திரிக்கு நேர் வாரிசு இது: ஒரே தகவல், விலை. ஆனால் அச்சுமையின் புடைப்பு மீன்கடையிலும் பஸ்ஸிலும் கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிடுகிறது. தேய்ந்த பிறகு நீளம் ஒன்றுதான் கதி. இந்தியாவில் 2016இன் பின் வந்த தாள்களில் 200க்கும் 500க்கும் நீள வித்தியாசம் 4 மில்லிமீற்றர்தான். கூலி வாங்கும் கைக்கு அது போதுமா என்று தாளை வடிவமைத்தவர்கள் ஒருநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.

இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையை 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடக்கிவைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பிரெயிலில் வாசிக்கும் தலைமுறைகள் வந்துவிட்டன. நூல்களைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்ற மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. 2016இல் இலங்கையும் அதில் இணைந்தது. அந்த உடன்படிக்கை எழுத்தை மட்டும் சொல்லவில்லை, எழுத்தோடு சேர்ந்த படங்களையும் சொல்கிறது. நாம் பிரெயிலுக்கு மாற்றும்போது எழுத்தை எடுத்துக்கொண்டு படத்தை வாசலில் விட்டுவிடுகிறோம். ‘படத்தை அவதானித்து விடை எழுதுக’ என்ற வரி மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒருநாள் சிறுவர் நூல்களைப் புரட்டினேன். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் படித்துப் பார்ப்பது என் சோதனை. நல்ல பாடல்கள் நின்றன. ‘இதோ பார்’ என்று தொடங்கும் கதைகள் விழுந்தன. நம் சிறுவர் எழுத்தாளர்கள் தங்கள் பிரதிகளில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், செலவில்லை.

செய்யும் பொருளுக்கும் பெரிய செலவில்லை. கறுப்பு மையில் கீறி இயந்திரத்தில் சூடாக்கினால் கோடு வீங்கியெழும் விசேட தாள் உண்டு, விலை அதிகம். கிராமத்துப் பாடசாலைக்கு அட்டை, பசை, சணல்நூல், மண்கடதாசி, பழைய துணி போதும். முதல் நூலாக எதைச் செய்யலாம் என்று கேட்டால் நான் தவாஃபைச் சொல்வேன். நடுவில் தடித்த அட்டையில் சதுரமாக கஃபா. ஹஜருல் அஸ்வத் இருக்கும் மூலையில் மண்கடதாசித் துண்டு ஒன்று. அங்கிருந்து இடஞ்சுழியாக, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளியோடு, சணல்நூல் ஏழு முறை சுற்றி வரட்டும். பக்கவாட்டுத் தோற்றம் வேண்டாம், திரையின் வேலைப்பாடு வேண்டாம், மக்கள் கூட்டம் வேண்டாம். விரல் நடந்து போகும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூலைக்கு நேரே மண்கடதாசியின் சிறு துணுக்கொன்று தட்டுப்படும், எண்ணிக்கொள்ளும். ஏழு சுற்றுக்கும் ஒரு சாண் அட்டை தாராளம்.